கேட்காத பிள்ளை

தொலைபேசியை எடுப்பதற்கு முன் மெட்டில்டா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றால், அமெரிக்காவில் யாரோ ஒருவருக்கு கிரீன் கார்டு இல்லை என்று பொருள். உட்கார்ந்தபடியே எண்களை அழுத்தினால் கம்பெனி சம்மதித்துவிட்டது. ஹைதராபாத் பேகம்பேட்டில் கம்பெனியின் ஐந்தாவது மாடிக்குக் காலை ஏழு மணிக்கே வந்துவிடுகிற துப்புரவுப் பெண்களுக்குக்கூட இது தெரியும். அவர் எழுந்ததும் வாளியைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டு ஓரமாய்ப் போவார்கள்.

"கைக்கு மேடம், எதுக்கு நிக்கிறீங்க?" என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி ஒருநாள் கேட்டாள்.

"அந்தப் பக்கம் இருக்கவன் இப்ப பொத்துன்னு உக்காரப் போறான். ரெண்டு பேரும் உக்காந்துட்டா எப்படி? ஒருத்தராவது நிக்க வேண்டாமா?"

வாயில் ஒரு துண்டு பனங்கற்கண்டை ஒதுக்கிக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார். தொண்டை கரகரத்தால் எதிராளி பயந்துவிடுவானாம். முதலில் ஊர் நிலவரம் விசாரிப்பார். எந்த ஊரில் எப்போது பனி விடும், எந்த ஊரில் சூறாவளி எச்சரிக்கை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அவர் விமானம் ஏறியதில்லை. பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. "நான் எங்க போறது? மெட்டுகுடாவுல இருந்து சிகந்திராபாத் வரைக்கும் பஸ்சு, அங்கிருந்து பேகம்பேட்டுக்கு ரயிலு. நமக்கு அதுவே ஃபாரின்தான்."

அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். பூர்வீகம் நாசரேத். மெட்டில்டா பிறந்தது, பள்ளிக்குப் போனது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் ரயில் சங்கு கேட்கிற தூரத்திற்குள்தான். அதனால் அவர் தமிழ் ஒரு மாதிரியாக இருக்கும். தாமிரபரணிப் பக்கத்துப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் வேண்டாம் என்பதற்கு ஒரு 'நக்கோ' வந்து விழும்; ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்பார். தமிழ்நாட்டிலிருந்து நேராக அமெரிக்கா போன பொறியாளர்கள் முதல்முறை கேட்டுச் சிரிப்பார்கள். நாலைந்து முறை பேசிய பிறகு, மேடம் என்று ஆரம்பித்து அக்கா என்று முடிப்பார்கள்.

கம்பெனியின் தொழில், ஹைதராபாத்தில் ஆள் எடுத்து, அமெரிக்க வாடிக்கையாளர்களின் அலுவலகங்களுக்கு அனுப்பி வேலை செய்ய வைப்பது. அவர்கள் போகிற விசாவின் ஆயுள் ஆறு வருடம். அதற்கு மேலும் அங்கே இருக்க வேண்டுமானால் கிரீன் கார்டு என்கிற நிரந்தர வசிப்புரிமைக்குக் கம்பெனிதான் மனுப் போட வேண்டும். அதுவும் ஆறாவது வருடம் பிறப்பதற்கு முன்பே போட்டாக வேண்டும். தவறினால் வீட்டைக் காலி செய்து, காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பிள்ளைகளோடு விமானம் ஏற வேண்டியதுதான். ஆகவே ஐந்தாம் வருடத்தில் இருக்கிற ஒவ்வொருவனும் மெட்டில்டாவின் குரலுக்காகக் காத்திருப்பான். அவர் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்தான்: "கம்பெனி டிசைட் பண்ணியிருக்கு, தம்பி."

கம்பெனி என்றால் மூன்று பேர். மூன்று மாதத்துக்கொரு முறை 'கோதாவரி' என்று பெயரெழுதிய கண்ணாடி அறைக்குள் அவர்கள் உட்காருவார்கள். அமெரிக்க வேலைகளுக்கெல்லாம் தலைவரான தண்டபாணி, கணக்குத் துறையிலிருந்து வந்து வாய் திறக்காமல் தலையாட்டும் ஒருவர், பெயர்களை வாசிக்க எச்.ஆரிலிருந்து மெட்டில்டா. அந்தக் கூட்டத்தில் அதிக நேரம் பிடிப்பது மதியத்துக்கு எங்கிருந்து பிரியாணி வரவழைப்பது என்கிற விவாதம்.

தண்டபாணிக்குப் பழனிப் பக்கம். யாரையும் ஒருமையில் பேசமாட்டார், குரல் உயர்த்தமாட்டார். நெற்றியில் விபூதி, பேச்சில் வரிக்கு வரி ஒரு 'ங்க'. மெட்டில்டா ஒரு பெயரை வாசித்ததும் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "போயிருவேன்னு சொல்றாப்லைங்களா?"

வேறு கம்பெனிக்குப் போய்விடுவேன் என்று மிரட்டுகிறவனுக்கு மனுப் போடுவார்கள். இங்கேயே இருப்பேன் என்கிறவனுக்குப் போடமாட்டார்கள். ஐந்தாறு கூட்டங்களில் உட்கார்ந்த பிறகுதான் மெட்டில்டாவுக்கு இந்த நியாயம் பிடிபட்டது. ஒருமுறை வாய்விட்டே கேட்டார். "சார், நல்லா வேலை பாக்கிறவங்களை விட்டுட்டு மல்லுக்கு நிக்கிறவங்களுக்கே குடுக்கிறோமே?"

தண்டபாணி பரிவோடுதான் பதில் சொன்னார். "அழுத புள்ளைக்குத்தானுங்க பாலு. கேக்காத புள்ளைக்கு எதுக்குங்க மேடம்? கார்டு கைக்கு வந்துட்டா எவனும் நம்மகிட்ட நிக்கமாட்டான். வராத வரைக்கும் நம்ம ஆளு."

கேட்காத பிள்ளைகளில் முதல் வரிசைப் பிள்ளை ஜெயச்சந்திரன். சாத்தூர்க்காரன். கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோவில் வேலை. ஐந்து வருடத்தில் ஒரே வாடிக்கையாளர், ஒரே மேசை. மற்றவர்கள் மெட்டில்டாவிடம் சண்டை போடுவார்கள், கெஞ்சுவார்கள், ஒருவன் அழுதிருக்கிறான். இவன் மட்டும், "உங்களுக்கு எவ்வளவோ வேலை இருக்கும் மேடம், நானும் தொந்தரவு பண்றேன்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விசாரிப்பான்.

அவனுடைய மகள் வர்ஷினிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் அங்கே அறுவை செய்து உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். இப்போது ஏழு வயது. அவள் படிக்கிற அரசுப் பள்ளியில் பேச்சுப் பழக்கவென்றே ஒரு ஆசிரியை இருந்தாள்; தினமும் அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொல் சொல்லாகப் பழக்கினாள். தமிழ் ஒன்று, ஆங்கிலம் ஒன்று என்று குழப்ப வேண்டாம் என்று ஆசிரியை சொன்னதால் ஜெயச்சந்திரனும் அவன் மனைவி பத்மப்ரியாவும் வீட்டிலேயே ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார்கள். "எங்க ரெண்டு பேருக்கும் சண்டை வந்தாக்கூட இங்கிலீஷ்லதான் மேடம். பாதியிலேயே வார்த்தை தீர்ந்துபோயி சமாதானம் ஆயிடுறோம்" என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்து மெட்டில்டா கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாயிரத்து ஒன்பது. அமெரிக்காவில் வங்கிகள் சரிந்து, ஐந்தாவது மாடியிலேயே பாதி மேசைகள் காலியாகிவிட்டிருந்த வருடம். கோதாவரி அறையில் மெட்டில்டா அவன் பெயரை வாசித்தார். வாசித்ததோடு நிறுத்தாமல் குழந்தையைப் பற்றியும் சொன்னார்.

"போயிருவேன்னு சொல்றாப்லைங்களா?"

"இல்ல சார். சொல்லமாட்டான் சார் அவன்."

"அப்புறம் என்னங்க? விடுங்க."

"அப்ப இல்லைன்னு சொல்லிரட்டுமா? இன்னும் நாளிருக்கு. வேற இடமாவது பாத்துக்குவான்."

தண்டபாணி பேனாவை மூடி வைத்தார். "அவசரப்படாதீங்க. அடுத்த வருஷம் வரைக்கும் அங்க அந்தாளு வேணுமுங்க. பரிசீலனையில இருக்குன்னு சொல்லுங்க. பொய் ஒண்ணும் இல்லீங்களே? நாம இப்பப் பரிசீலனை பண்ணிட்டுத்தானே இருந்தோம்?"

கணக்குத் துறைக்காரர் தலையாட்டினார். பிரியாணி வந்தது.

பரிசீலனை என்கிற வார்த்தையை நின்றுகொண்டு சொல்வதா, உட்கார்ந்து சொல்வதா என்று மெட்டில்டாவுக்குத் தெரியவில்லை. முதல் தடவை மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டு சொன்னார். "தேங்க்ஸ் மேடம், நீங்க பேசியிருப்பீங்கன்னு தெரியும்" என்றான் ஜெயச்சந்திரன். இரண்டாம் தடவையும் தேங்க்ஸ் சொன்னான். அன்று வீட்டுக்குப் போனதும் கணவர் கிதியோனிடம் சொன்னார். ரயில்வே கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர் கிதியோன். பதற்றமே இல்லாத மனிதர். "சொல்லச் சொன்னதைச் சொல்றே. தீர்ப்பு எழுதுறது நீயா?" என்றார். கல்லூரியில் படிக்கிற மகள் எவாஞ்சலின், அம்மா தமிழில் எதைக் கேட்டாலும் தெலுங்கில்தான் பதில் சொல்வாள். "ஆபீஸ் மாட்டலு இண்ட்லோ வத்து மம்மி," ஆபீஸ் கதை வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

மூன்றாம் தடவை பேசும்போது சாக்ரமெண்டோவில் மாலை நேரம். ஜெயச்சந்திரன் போனைக் கையில் வைத்துக்கொண்டே மகளுக்குப் பாடம் பழக்கிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. பின்னால் ஒரு சிறுமியின் குரல் கேட்டது. ஷிப் என்று சொல்ல முயன்றாள். சிப் என்று வந்தது. மறுபடி சொன்னாள். மறுபடி சிப். பொறுமையாக, கொஞ்சமும் கோபமில்லாமல், அந்தக் குரல் ஒரே சொல்லைத் தட்டிக்கொண்டே இருந்தது. திடீரென்று சரியாக வந்துவிட்டது. வீட்டில் யாரோ கை தட்டினார்கள்.

"சாரி மேடம், நீங்க சொல்லுங்க. பரிசீலனையிலதான் இருக்கு?"

"ஹவ்" என்று சொல்லி வைத்துவிட்டார் மெட்டில்டா. வாயிலிருந்த கற்கண்டைக் காகிதத்தில் துப்பினார். படிக்கட்டுப் பக்கம் போய், தன் சொந்த செல்போனிலிருந்து அவனை மறுபடி கூப்பிட்டார்.

"தம்பி, இது ஆபீஸ் போன் இல்ல. மெட்டில்டா மேடம் பேசலைன்னு வச்சிக்கோங்க. கூடப் பொறந்த அக்கா பேசுதான்னு நினைச்சிக்கோங்க. இங்க காத்திருக்காதீங்க. வேற கம்பெனி பாருங்க. இப்பவே பாத்தாத்தான் அந்தக் கம்பெனி மனுப் போட நாள் இருக்கும். யார்ட்டயும் மூச்சு விடாதீங்க."



"மேடம்… என்னை டெஸ்ட் பண்றீங்களா?"

"ஐயோ, நக்கோப்பா! என்னத்த டெஸ்ட்டு? பிள்ளைக்காகச் சொல்லுதேன்."

"இல்ல மேடம். இந்த மந்தத்துல ஊரெல்லாம் ஆளை வேலையை விட்டுத் தூக்கினாங்க, கம்பெனி என்னைத் தூக்கல. நான் அப்படிப் போற ஆளு இல்ல மேடம்."

அவர் இன்னொரு முறை சொன்னார். அவன் இன்னும் மரியாதையாக மறுத்தான்.

அடுத்த வாரம் தண்டபாணி அவரைத் தன் அறைக்கு அழைத்தார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். ஜெயச்சந்திரன் அவரோடு வேலை விஷயமாகப் பேசும்போது, தானாகவே சொல்லியிருக்கிறான்: எச்.ஆர். மேடம் என் விசுவாசத்தைச் சோதிச்சுப் பாத்தாங்க சார், நான் எங்கயும் போகமாட்டேன்னு சொல்லிட்டேன். பெருமையாகச் சொன்னானாம். தண்டபாணியும் அவனை மனதாரப் பாராட்டினாராம்.

"தங்கமான ஆளுங்க அவரு" என்றார் தண்டபாணி. "உங்களுக்கும் நல்ல மனசுங்க மேடம். இந்த மனசை வச்சுக்கிட்டு மேல உக்காந்தா உங்களுக்குத்தான் சிரமம். கீழ ஒரு சீட்டுப் பாத்து வச்சிருக்கேன்."

மெட்டில்டா டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். வீணாக்கினால் அவருக்குப் பிடிக்காது. வேலையை விட்டுவிடலாம் என்று கிதியோன் சொன்னார். ஐம்பத்திரண்டு வயதில், பாதி ஊர் வேலை தேடிக்கொண்டிருந்த வருடத்தில், விட்டுவிட்டு எங்கே போவது? மறுநாளும் அதே பஸ், அதே ரயில். மின்தூக்கியில் ஏறியவர் நினைவு வந்து இறங்கிக்கொண்டார்.

இப்போது அவர் இடம் தரைத்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்கு அடுத்த அறை. பலகைத் தடுப்பில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக அடையாள அட்டை, வண்டி பாஸ், தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி. ஜெனரேட்டர் ஓடும்போது சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும், கற்கண்டுக்கு வேலையில்லை. புகைப்படம் எடுக்கிற கேமரா ஒன்று மேசையில் நிற்கும். எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும், "பல்லைக் காட்டாதீங்க, கம்பெனிக்குப் பிடிக்காது" என்பார். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துவிடுவார்கள். மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். ஐந்தாவது மாடியில் அவர் நாற்காலியில் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். இப்போதெல்லாம் யாரும் போனில் சொல்வதில்லை. மின்னஞ்சல் போய்விடுகிறது.

சாக்ரமெண்டோவில், ஜெயச்சந்திரனுக்கு அடுத்த மேசையில் இருந்த பாலா என்பவன் வேறொரு கம்பெனியின் வேலை உத்தரவைக் கொண்டுபோய்க் காட்டினான். ஒரே மாதத்தில் அவனுக்கு மனுப் போட்டார்கள். ஜெயச்சந்திரனுக்குக் கண்ணாடியில் செய்த கேடயம் ஒன்று தபாலில் போனது. 'அர்ப்பணிப்பு' என்று அதில் பொறித்திருந்ததாம். மனுப் போட வேண்டிய நாள் அதற்கு அடுத்த மாதம் கடந்துபோயிற்று.

போன டிசம்பரில், விசா முடிந்து ஊர் திரும்பிய ஜெயச்சந்திரன் புது அட்டைக்காக மெட்டில்டாவின் ஜன்னலுக்கு வந்து நின்றான். குரலை வைத்து மனதில் போட்டிருந்த உருவத்தைவிட உயரமாக இருந்தான். தலை முன்னால் நரைத்திருந்தது. பெயரைச் சொன்னதும்தான் அவருக்கு அடையாளம் தெரிந்தது. பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர்.

"பிள்ளை எப்படிப்பா இருக்கா?"

"இங்க மூணு ஸ்கூல்ல பாத்தோம் மேடம். அவ பேசுறது டீச்சருக்குப் புரியல. டீச்சர் பேசுறது இவளுக்குப் புரியல. இந்த ஊரு இங்கிலீஷ அவ கேட்டதே இல்லியே. இப்பப் பேசவே மாட்டேங்குறா. கருவியக் கழட்டிப் படுக்கையில போட்டுர்றா. பத்மப்ரியா தமிழ்ல ஆரம்பிச்சுப் பாக்கிறா. அம்மாங்கிறதுல இருந்து."

மெட்டில்டா கேமராவை அவன் உயரத்துக்குத் திருகினார். பல்லைக் காட்டாதே என்று அவனிடம் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"மேடம், நீங்க அன்னிக்குச் சொன்னத நான்தான் சார்ட்ட…"

"தெரியும்."

"அதுக்காகவா உங்களைக் கீழ போட்டாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். முழங்கால் வலி, மாடி ஏற முடியவில்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று எத்தனையோ இருந்தன. அவன் முகமும் அப்படி ஒன்றைத்தான் எதிர்பார்த்தது. சொல்லச் சொன்ன பொய்யையெல்லாம் மேலே இருந்தபோதே சொல்லித் தீர்த்துவிட்டவர் அவர்.

"ஹவ்" என்றார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இயந்திரம் அட்டையை அச்சடித்துத் தள்ளிற்று. மெட்டில்டா கழுத்துப் பட்டையைக் கோத்து ஜன்னல் வழியே நீட்டினார். வாங்கிக்கொண்டவன் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் செருமினார்கள். அவன் ஜன்னலை இன்னும் நெருங்கி, முகத்தில் கொஞ்சம் வெளிச்சத்தோடு சொன்னான்:

"ஆனா மேடம், தண்டபாணி சார் வர்ற வழியிலேயே பாத்தாரு. ஒரு வருஷம் போகட்டும், புது விசா போட்டு மறுபடி அனுப்புறேன்னாரு. இந்தத் தடவை போனதுமே கிரீன் கார்டு ஆரம்பிச்சுரலாம்னாரு. என் பேரை முதல்லயே எழுதி வச்சிட்டாராம். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

மெட்டில்டா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலை மடக்கிக் கிட்டே வா என்றார். ரகசியம் ஏதோ சொல்லப்போகிறார் என்று ஜெயச்சந்திரன் ஆவலாகக் குனிந்து, ஜன்னலுக்குள்ளேயே தலையை நீட்டினான். அவர் இரண்டு விரலால் அவன் காதைப் பிடித்துத் திருகினார். விளையாட்டுக்கு இல்லை, காது சிவந்து, கண்ணில் நீர் முட்டுகிற வரைக்கும் பலத்தோடு திருகினார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் தலையை இழுத்துக்கொள்ளவில்லை.